கடைசி ரீலுக்கு முதுகு காட்டியவர்

துளசிராம் அண்ணனை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். துக்கம் அப்புறம்தான் வரும். மனுஷன் சொக்கத் தங்கம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நல்லதனத்தை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடும், வீட்டில் இருந்தவளைப் படுத்திய பாடும் இருக்கிறதே, பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். யாராவது அவரைப் பற்றி உத்தமர், யோக்கியர் என்று ஆரம்பித்தால் எனக்கு உச்சந்தலை சூடாகிவிடும்.

என் பெயர் கண்ணுச்சாமி. முனிச்சாலையில் டிவி, ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு இரண்டு சந்து தள்ளி அண்ணன் வீடு. அந்தப் பக்கம் முழுக்க சௌராஷ்டிரா சனங்கள். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வாசலைத் தாண்டினால் நம்மைவிட நன்றாக மதுரைத் தமிழ் பேசுவார்கள். அண்ணனின் சொந்தக்காரர்கள் எல்லாம் சேலை வியாபாரம், சாயப்பட்டறை, பாங்கு உத்தியோகம் என்று ஒரு நிலைக்கு வந்துவிட்டார்கள். இவர் ஒருத்தர்தான் கமலவேணி டாக்கீஸில் கேட்டுக்காரர். பெண்கள் பக்கத்து வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிற வேலை. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவன் கூட "இன்னும் தியேட்டர்லதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவான். "ஆமா, தியேட்டர்லதான்" என்று இவரும் சளைக்காமல் சொல்வார்.

கேட்டில் நின்றால் அண்ணன் வேறு ஆள். சொந்த மச்சினன் ராஜகுரு, அண்ணன் சம்சாரம் வசுந்தரா மதினியின் தம்பி, ஒரு தடவை டிக்கெட் இல்லாமல் உள்ளே நழுவப் பார்த்தான். அண்ணன் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். "மாப்ள, வீட்டுக்கு வா, சோறு போடுறேன். இங்க டிக்கெட்டோட வா" என்றாராம். அன்றிலிருந்து ராஜகுரு அந்தத் தியேட்டர் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பின்னால் வரப்போகிறது. சினிமாத் தியேட்டரில் அத்தனை வருஷம் வேலை பார்த்த மனுஷன் ஒரு படத்தைக் கூட முழுசாகப் பார்த்ததில்லை. கேட்டுக்காரன் திரைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும், கண் கூட்டத்தின் மேல் இருக்க வேண்டும். அதையாவது விடுங்கள், அங்கே இங்கே திரும்பிக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம். கடைசி ரீல் ஓடும்போது நிலைமை வேறு. படம் முடியப் போகிறது என்று ஆபரேட்டர் மணியடித்தால், இவர் போய்க் கதவுகளை விரியத் திறந்து செங்கல் முட்டுக்கொடுத்து, வாசல் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நிற்க வேண்டும். படிக்கட்டில் கூட்டம் நெருக்கியடித்து ஒருத்தர் மேல் ஒருத்தர் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் எந்தப் படத்தின் முடிவையும் இவர் பார்த்தது கிடையாது. "முடிவ நான் சனங்க மூஞ்சில பாத்துக்குவேன் கண்ணுச்சாமி" என்பார். நான் "பெரிய தத்துவம்" என்று கிண்டல் பண்ணுவேன்.

வசுந்தரா மதினி அதற்கு நேர் எதிர். சினிமா என்றால் உயிர். பிள்ளை இல்லாத வீடு. புருஷன் காலையில் போனால் செகண்ட் ஷோ முடிந்துதான் வருவார். மதினிக்குத் துணை சினிமாதான். புதுப்படம் வந்தால் அண்ணன் டிக்கெட் எடுத்துக் கொடுப்பார். கேட்டுக்காரன் பெண்டாட்டிக்கு டிக்கெட்டா என்று ஊர் சிரித்தது. மதினி அந்த டிக்கெட்டைக் கொண்டுவந்து இவர் கையிலேயே நீட்டும். இவரும் முகத்தைப் பார்க்காமல் கிழித்துப் பாதியைக் கொடுப்பார். "எங்க வீட்டுல நாங்க ரெண்டு பேரும் பேசுறதே அந்தக் கேட்டுலதான் தம்பி" என்று மதினி என்னிடம் சொல்லிச் சிரிக்கும்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் கழிந்திருக்கும். பொங்கலுக்கு ஒரு படம் வந்தது. தம்பி தங்கைகளைத் தாயாக இருந்து வளர்த்த அக்காக்காரி ஒருத்தியின் கதை. வளர்ந்து ஆளானதுகள் எல்லாம் சேர்ந்து அவள் மேல் பழி சொல்ல, அவள் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிப் போய்விடுகிறாள். அங்கே இடைவேளை. மதினி மத்தியான ஆட்டத்துக்குப் போயிருந்தது. விளக்குப் போட்டதும் எழுந்திருக்கப் பார்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே இரண்டு சீட்டுக்கு நடுவில் சரிந்துவிட்டது.

பக்கத்தில் இருந்த பொம்பளைகள் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? முகம் வெளுத்து, சட்டைப் பையில் இருந்து அவுட் பாஸ் அட்டையை எடுத்து மதினியின் உள்ளங்கையில் வைத்தார். இடைவேளையில் வெளியே போகிறவர்கள் திரும்பி உள்ளே வருவதற்குக் கொடுக்கிற அட்டை அது. பெண்டாட்டி பேச்சு மூச்சு இல்லாமல் போகிறாள், இந்த மனுஷன் அவுட் பாஸ் கொடுக்கிறார்! "கை தன்னால போயிருச்சு கண்ணுச்சாமி, எனக்கே தெரியல" என்று பிற்பாடு சொன்னார். அவ்வளவு வருஷப் பழக்கம்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வால்வு கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள். சின்ன வயசில் வந்த காய்ச்சலோடு வந்ததாம், கவனிக்காமல் விட்டாயிற்று, இனி ஆபரேஷன் தாங்காது, இருக்கிற வரைக்கும் மாத்திரையில் ஓட்ட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். மதினியால் படுக்க முடியாது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துதான் இருக்க வேண்டும். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கும். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்கும். தியேட்டர் பேச்சுக்கே இடமில்லை.

அந்த நிலைமையிலும் மதினி என்ன கேட்டது என்கிறீர்கள்? "அவ திரும்பி வந்தாளா தம்பி?"

முதலில் எனக்கு யாரைக் கேட்கிறது என்று விளங்கவில்லை. ரயிலேறிப் போன அந்த அக்காக்காரியைத்தான் கேட்கிறது. பக்கத்து வீட்டு ரம்யாஸ்ரீ ஓடிவந்து மீதிக்கதையைச் சொல்ல வாயெடுத்தாள். மதினி கையைத் தூக்கித் தடுத்துவிட்டது. "யாரும் சொல்லக் கூடாது. நானே பாப்பேன். பாதியில எந்திரிச்சு வந்தவ நான், மீதிய நான்தான் பாக்கணும்." அண்ணனைப் பார்த்து, "நீங்களும் யாரையும் கேக்கக் கூடாது" என்றது. அண்ணன் சரி என்று தலையாட்டினார். தலையாட்டினால் அவ்வளவுதான், அந்த மனுஷன் மாற மாட்டார். அந்த அவுட் பாஸ் அட்டையை மதினி சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துக்கொண்டது.

அப்புறம் தியேட்டருக்கும் வந்தது கேடு. படம் வந்த வாரம் முடிவதற்குள் நடைபாதையில் திருட்டு விசிடி குவிந்து கிடந்த காலம் அது. ராத்திரியானால் லோக்கல் கேபிள்காரனும் அதையே போட்டுவிடுவான். கமலவேணியில் நாலு ஆட்டம் மூன்றாகி, மூன்று இரண்டாகி, கடைசியில் காலி நாற்காலிகளுக்குப் படம் ஓட்டினார்கள். முதலாளி இழுத்து மூடிவிட்டுத் துணி கோடவுனாக வாடகைக்கு விட்டார். அண்ணனை அதே வாசலில் காவலுக்கு வைத்துக்கொண்டார்கள். கிழிக்க டிக்கெட் இல்லை, அம்புட்டுதான் வித்தியாசம்.

அன்றைக்கு இவர் பிடித்தார் ஒரு பிடி. திருட்டு சிடி இந்த வீட்டு வாசப்படி ஏறக்கூடாது. ராஜகுரு பாவம், அக்கா ஆசைப்படுகிறாளே என்று அந்தப் படத்தைக் கையோடு வாங்கி வந்தான், பிளேயரும் இரவல் கொண்டு வந்தான். அண்ணன் வாசலிலேயே சிடியை வாங்கி முழங்காலில் வைத்து ஒடித்துப் போட்டார். ராஜகுருவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அத்தான், எங்கக்கா சாகக் கிடக்கா. உங்களுக்கு நியாயம் பெருசாப் போச்சா?"

"என் சோத்துல மண்ணள்ளிப் போட்ட சாமான் மாப்ள இது. இத வச்சு அவளுக்குப் படம் காட்ட மாட்டேன். ஒரிஜினல் வரும். வாங்கித் தாரேன்."

"வர்ற வரைக்கும் அவ இருக்கணும்ல?"

உள்ளே இருந்து மதினி மூச்சு வாங்க வாங்கச் சொன்னது: "விடு ராஜகுரு. இவரு டிக்கெட் இல்லாம எமனையே உள்ள விட மாட்டாரு. நான் இருப்பேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

மறுநாள் அண்ணன் என் கடைக்கு வந்தார். "ஒரு பிளேயர் வேணும் கண்ணுச்சாமி. வீட்டுல மாட்டித் தரணும். ஒரிஜினல் சிடி போட்டுப் பாக்கணும்."

"அண்ணே, இந்த ஏரியா பூரா நான்தான் பிளேயர் மாட்டிருக்கேன். ஒரு பய ஒரிஜினலுக்குன்னு மாட்டச் சொன்னதில்ல. ஒரிஜினல் போட்டா பிளேயரே மிரண்டுபோகும்."

அவர் சிரிக்கவில்லை. நல்லதாக ஒன்றைப் பார்த்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் வீட்டு டிவி பழைய போர்ட்டபிள். ஆன்டெனா வயர் சொருகுகிற ஓட்டை ஒன்றைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. பிளேயரில் இருந்து வருகிற மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை எங்கே மாட்டுவது? பழைய டிவி வைத்திருக்கிறவர்களுக்கென்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. மூன்று வயரையும் அதில் சொருகி, அதிலிருந்து ஒற்றை வயராக ஆன்டெனா ஓட்டைக்குக் கொண்டுபோகலாம். அது மதுரையில் கிடைக்காமல், திருமங்கலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் கிடந்ததை பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். ஒரு சேனலை ஒதுக்கி, முள்முள்ளாக ஓடிய படத்தை ஒருவழியாகத் திருகித் திருகி நிறுத்தினேன். பிளேயர் கம்பெனி பேர் நீலக் கலரில் டிவியில் வந்து நின்றது. மதினி தலையணையில் சாய்ந்தபடி கைதட்டியது.

"தியேட்டர் ரெடி ஆயிருச்சு தம்பி. படம்தான் பாக்கி."

அந்தப் படம்தான் வரவில்லை. அந்தக் காலத்தில் தமிழ்ப் படத்துக்கு ஒழுங்கான சிடி வருவது மழை மாதிரி. வந்தால் உண்டு. அண்ணன் வாரா வாரம் டவுன்ஹால் ரோட்டில் ஒரிஜினல் விற்கிற கடைக்கு நடையாய் நடந்தார். "வரல சார், ரைட்ஸ் பேசிக்கிட்டு இருக்காங்களாம்" என்று சொல்லி அனுப்புவார்கள். கடைக்கு எதிரே நடைபாதையில் அதே படம் சாக்கில் பரத்திக் கிடக்கும். அதைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப்புக்கு வரவேண்டும். வேட்டி நுனி கூடப் படாமல் ஒதுங்கி நடந்து வருவார். பிளேயர் மேல் மதினி பூத்துணி ஒன்றைப் போட்டு மூடி வைத்திருந்தது. அதில் தூசி படிவதும் அண்ணன் தட்டுவதுமாக நாள் போனது. மதினியின் வீக்கம் காலில் இருந்து வயிற்றுக்கு ஏறியது.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. கோடவுன் வாசலிலேயே போய்ச் சண்டை பிடித்தேன். "ஏண்ணே, உங்க தியேட்டர மூடினவன் எவனோ. மதினியவா அதுக்குத் தண்டிக்கிறீங்க? அதுக்கு என்னண்ணே தெரியும் ஒரிஜினலு டூப்ளிகேட்டு?"

"அவளுக்குத்தான் தெரியும்" என்றார். "ஒரு நாள் கூட என்கிட்ட ஓசில படம் பாத்ததில்ல அவ. டிக்கெட்டோட, வரிசைல நின்னு வந்தா. அவள நான் திருட்டுத்தனமா உள்ள விடணுமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒருவழியாக அடுத்த வருஷம் சித்திரையில் சிடி வந்தது. பளபளப்பான அட்டைப் பெட்டி, முத்திரை ஸ்டிக்கர், உள்ளே இரண்டு தட்டு. இடைவேளை வரை ஒன்று, இடைவேளைக்குப் பிறகு ஒன்று. அண்ணன் அதை இரண்டு கையாலும் பிரசாதம் மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று வைத்துக்கொண்டோம். அவர், மதினி, நான், மூன்றே பேர். ராஜகுரு கோபத்தில் வரவில்லை. அண்ணன் சன்னலை எல்லாம் சாத்தினார். மதினி சாமி படத்துக்குப் பின்னால் இருந்து அந்த அட்டையை எடுத்து நீட்டியது.

"அவுட் பாஸ் இருக்கு. உள்ள விடுவீங்களா?"

அண்ணன் அதை வாங்கி, உண்மையாகவே முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "போங்க" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

மீதி மட்டும் போடவா என்று கேட்டேன். மதினி வேண்டாம் என்றது, முதலில் இருந்து பார்த்து வந்தால்தான் ருசி என்றது. பார்த்தோம். நடுவில் மூச்சு வாங்கும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். அக்காக்காரி தகரப் பெட்டியோடு ரயிலேறினாள். தட்டு முடிந்தது. மதினி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது. நான் இரண்டாவது தட்டைப் போட்டேன்.

சென்சார் சர்ட்டிபிகேட் வந்தது. அப்புறம் சாமி படம். அப்புறம் டைட்டில். அந்தத் தம்பி தங்கைகள் மறுபடியும் சின்னப் பிள்ளைகளாக வாய்க்காலில் ஓடி விளையாடினார்கள்.

தட்டை மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று வெளியே எடுத்துப் பார்த்தேன். மேலே இரண்டு என்று தெளிவாக அச்சடித்திருக்கிறது. மறுபடி போட்டேன். மறுபடியும் வாய்க்கால். ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். கடைசியில் அதே ரயில், அதே பெட்டி. எந்தப் புண்ணியவான் எங்கே உட்கார்ந்து அடித்தானோ, இரண்டு தட்டிலும் முதல் பாதியையே அடித்து, ஒன்றுக்கு ஒன்று என்றும் இன்னொன்றுக்கு இரண்டு என்றும் பேர் போட்டு முத்திரை குத்தி அனுப்பிவிட்டான். மதினி தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டது. அண்ணன் அட்டைப் பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த டிவியைத் தூக்கித் தெருவில் அடிக்க வேண்டும் போல் இருந்தது.

கடைக்காரனைக் குறை சொல்ல முடியாது. "சார், இது எங்க தப்பு இல்ல, கம்பெனி தப்பு. சென்னைக்கு அனுப்பித்தான் மாத்தணும்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். அண்ணன் மறுபடியும் நடக்க ஆரம்பித்தார். இந்த இடைவெளியில் மதினியை ஆஸ்பத்திரியில் சேர்த்து, பார்த்து, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு மறுநாள் மத்தியானம் அண்ணன் என் கடைக்குள் வந்து நின்றார். வேர்த்து ஊற்றுகிறது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சட்டைப் பட்டனைக் கழற்றி, பனியனுக்குள் இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். திருட்டு சிடி. வயிற்று வேர்வையில் அட்டைப்படம் சாயம் போயிருந்தது.

"கீழவாசல்ல வாங்கினேன்" என்றார். "நடந்தே வந்தேன். பஸ்ல தெரிஞ்சவன் எவனும் பாத்துருவான்னு. வாடா, போட்டுக் குடு."

அவர் என்னை வாடா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். எழுந்து கூடவே போனேன். இதை அன்றைக்கே ராஜகுரு கையில் இருந்து வாங்கியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று தொண்டை வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகு வருகிற தட்டை மட்டும் போட்டேன். அது தியேட்டரில் திருட்டுத்தனமாகக் கேமராவை வைத்து எடுத்த பிரின்ட். படம் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது, முன்சீட்டுக்காரன் தலை குறுக்கே வருகிறது. விசில் சத்தம், பிள்ளை அழுகிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம். மதினி கண்ணைத் திறந்து பார்த்தது. இது ஒரிஜினல் இல்லை என்று அதற்கு முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்டது. திரும்பி அண்ணனைப் பார்த்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். மதினி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டது.

"தியேட்டர்ல உக்காந்து பாக்குற மாதிரியே இருக்கு" என்றது.

மீதிக்கதை ஓடியது. அக்காக்காரி எங்கோ ஒரு மில்லில் வேலை பார்க்கிறாள். வீடு சீரழிகிறது. கடைசித் தம்பி உண்மை தெரிந்து அழுது புரண்டு, திரும்பி வரச் சொல்லிக் கடுதாசி போடுகிறான். எல்லோரும் ரயில்வே ஸ்டேஷனுக்கு வருகிறார்கள். ரயில் வருகிறது. ரயில் நிற்கிறது. தம்பிக்காரன் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடுகிறான்.

அங்கே படம் நின்றது. தம்பிக்காரன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, சத்தம் டக் டக் டக் என்று ஒரே இடத்தில் அடித்தது.

தட்டை எடுத்துத் துடைத்தேன், ஊதினேன், சோப்புத் தண்ணீரில் கழுவினேன், லென்ஸைத் துடைத்தேன். எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் செய்தேன். தாண்டிப் போட்டுப் பார்த்தால் பிளேயர் கரகரவென்று சுற்றிவிட்டு வெறும் நீலத்தைக் காட்டுகிறது. முடிவு அந்தத் தட்டில் பதியவே இல்லை. "வேற வாங்கிட்டு வாரேன் மதினி, இந்தா அஞ்சு நிமிஷம்" என்று செருப்பைத் தேடினேன்.

மதினி கையசைத்தது. அண்ணனைப் பார்த்தது. "நீங்க அம்புட்டு நாள் அங்கயே நின்னீங்க. நீங்களே சொல்லுங்க. வந்தாளா?"

அவருக்குத் தெரியாதே! அந்தக் கடைசி ரீல் ஓடும்போதெல்லாம் கதவைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்ற மனுஷன். யாரையும் கேட்கவும் கூடாது என்று வாக்கு வேறு. மதினிக்கு அது தெரியாதா, தெரிந்தேதான் கேட்டதா, இன்றைக்கு வரை எனக்கு விளங்கவில்லை. எனக்காவது தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். நாள் முழுக்க டிவியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் படம் எங்கே பார்த்தேன்?

அண்ணன் மதினியின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். அவர்கள் பாஷையில் சொல்ல ஆரம்பித்தார். நிதானமாக, ஒவ்வொன்றாக, கையைக் காட்டிக் காட்டி. அவர் அம்புட்டு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கு அந்தப் பாஷை அரைகுறைதான். ரயில் என்றது புரிந்தது, அக்கா என்றது புரிந்தது. மதினி கண்ணை மூடிக்கொண்டு கேட்டது. நடுவில் ஏதோ கேட்டது, அதற்கும் இவர் யோசிக்காமல் பதில் சொன்னார். மதினியின் கண்ணோரம் தண்ணீர் இறங்கியது. அது நல்லதுக்கு வந்த தண்ணீர், பார்த்தாலே தெரிந்தது.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது கேட்டேன். "என்னண்ணே சொன்னீங்க?"

"வந்துட்டான்னு சொன்னேன். கடைசிப் பெட்டில இருந்து இறங்கி வந்தா, தகரப் பெட்டிய தம்பி வாங்கிக்கிட்டான், எல்லாரும் வீட்டுக்குப் போனாங்கன்னு சொன்னேன்." முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். "சனங்க அழுதுக்கிட்டேதான்டா வெளிய வருவாங்க அந்தப் படத்துக்கு. நல்லதுக்கு அழுதாங்களா கெட்டதுக்கு அழுதாங்களா, எனக்கு எப்படித் தெரியும்?"

அந்த வாரமே மதினி போய்விட்டது. விடியற்காலையில் காபி கேட்டதாம். போட்டுக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. ராஜகுரு வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான், அண்ணனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் அழவே இல்லை. வந்தவர்களுக்கு வழிவிட்டு, செருப்புகளை ஒதுக்கி வைத்து, வாசலிலேயே நின்றார்.

காரியமெல்லாம் முடிந்து, ஆடியும் பிறந்த பிறகு சென்னையில் இருந்து மாற்று சிடி வந்தது. அண்ணன் அதை வாங்கிக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தார். "போட்டுப் பாக்கணும்" என்றார். வேண்டாம்ணே என்றேன். கேட்கவில்லை. கோபத்தோடு டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு போனேன்.

தலையணைகள் அடுக்கினபடியே இருந்தன. அவர் கட்டிலில் உட்காராமல் ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டாவது தட்டைப் போட்டேன். இந்தத் தடவை சரியான தட்டு. படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஒரு கீறல் இல்லை, ஒரு தலை குறுக்கே வரவில்லை. மில் வந்தது, கடுதாசி வந்தது, ஸ்டேஷன் வந்தது. ரயில் ஊதுகிற சத்தம் தூரத்தில் கேட்டது.

அண்ணன் எழுந்தார். வாசலுக்குப் போனார். இரண்டு கதவையும் விரியத் திறந்து, கிடந்த செங்கலைக் காலால் தள்ளி முட்டுக்கொடுத்தார். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார். வெயில் டிவி மேல் விழுந்து படம் மங்கியது.

"அண்ணே, இங்கிட்டுத் திரும்புங்க. முடியப் போகுது."

அவர் திரும்பவில்லை. நான் பார்த்தேன். வெயிலுக்குக் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். தம்பிக்காரன் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்து ஓடினான். கடைசிப் பெட்டி வந்தது. ஒருத்தரும் இறங்கவில்லை. ரயில் கிளம்பிப் போனது. தம்பிக்காரன் அந்த வெறும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தான். வணக்கம் என்று போட்டார்கள்.

"முடிஞ்சிருச்சா?" என்றார் அண்ணன், தெருவைப் பார்த்தபடி.

"முடிஞ்சிருச்சுண்ணே."

"வந்தாளா?"

"வந்துட்டாண்ணே. கடைசிப் பெட்டில இருந்து இறங்கி வந்தா. பெட்டிய தம்பி வாங்கிக்கிட்டான்."

பொய்தான். இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

அவர் முதுகு ஒரு தடவை குலுங்கியது. "அப்ப நான் அவகிட்ட பொய் சொல்லல" என்றார். அதற்கப்புறம்தான் அழுதார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி, நிலையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதார்.

அவர் திரும்புவதற்குள் நான் தட்டைப் பிளேயரில் இருந்து எடுத்து என் டூல்ஸ் பைக்குள் போட்டுக்கொண்டேன். தனியாக இருக்கும்போது என்றைக்காவது மனுஷன் போட்டுப் பார்த்துத் தொலைத்துவிட்டால்? வெறும் அட்டைப் பெட்டியை மூடி டிவி மேல் வைத்தேன். சிடி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.